அட்டிக்கில் ஸ்பிரே ஃபோம்: கூரைப் பலகையிலா, தளத்திலா?

பின்வளவு (ஸ்காபரோ)

வணக்கம். எங்களுடையது 1970களில் கட்டிய பேக்ஸ்பிளிட் வீடு, அதாவது முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு உயரத்தில் இருக்கும் வகை. ஒவ்வொரு குளிர்காலமும் கூரை ஓரத்தில் பனிக்கட்டி தடித்து நிற்கிறது. கடந்த பெப்ரவரியில் அது உருகி, மேல்தளப் படுக்கையறைச் சுவரின் மூலையில் ஈரம் இறங்கியது. அட்டிக்கில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில், வெப்பக்காப்பாக இருப்பது பழைய இளஞ்சிவப்புக் கண்ணாடி இழை. ஆறு அங்குலம்கூடத் தேறாது.

இரண்டு ஒப்பந்தகாரர்களை அழைத்தேன். முதலாமவர், இருப்பதன் மேலேயே செல்லுலோஸ் (காகித நார்) ஊதி ஆர்-60க்குக் கொண்டுவரலாம் என்கிறார் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, எண் கூடினால் காப்பும் கூடும்). இரண்டாமவர், பழையதை எல்லாம் அகற்றிவிட்டு, கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் குளோஸ்ட் செல் (மூடிய நுண்ணறை) ஸ்பிரே ஃபோம் என்ற நுரையை அடித்து, சொஃபிட் (கூரை ஓரத்தின் அடிப்பக்கம்) காற்றுத் துவாரங்களையும் மூடிவிடலாம் என்கிறார். இரண்டாவது விலை முதலாவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. "ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் கவலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பணத்தைப் புரட்டலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த இரசாயனம் நல்லதா என்று மனைவி கேட்கிறார். செய்தவர்கள், செய்விப்பவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு பீப்பாய் (பிராம்ப்டன்)

தம்பி, நான் ஃபோம் அடிப்பதைத் தொழிலாகச் செய்கிறவன். அதனால் நான் ஃபோமைத்தான் விற்பேன் என்று நினைப்பீர்கள். உங்கள் அட்டிக் முழுவதற்கும் நான் அதை விற்க மாட்டேன்.

முதலில் இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். லாரியில் இரண்டு பீப்பாய்கள் வரும். ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பிசின். இரண்டையும் சூடாக்கி, சம அளவில், உயர் அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலக்கிறோம். சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். ஆக, உங்கள் வீட்டில் பொருத்தப்படும் பொருள் உங்கள் வீட்டிலேயேதான் தயாராகிறது. தொழிற்சாலையில் சோதித்துக் கட்டிய மூட்டை போன்றதல்ல. அடிப்பவனின் கை, பீப்பாயின் வெப்பம், பலகையின் ஈரம் இவற்றில் ஒன்று பிசகினாலும் பொருள் கெட்டுவிடும். கலவை விகிதம் தவறினால் மீன் நாற்றம் போல ஒன்று வரும், மாதக்கணக்கில் போகாது. அதைக் காற்றோட்டத்தால் தீர்க்க முடியாது. வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

குளோஸ்ட் செல் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6 தரும். நீராவியையும் பெரும்பாலும் தடுக்கும். ஓப்பன் செல் (திறந்த நுண்ணறை நுரை) அங்குலத்துக்கு ஆர்-3.7 அளவில்தான், நீராவி அதனூடாகப் போகும். நம் ஊர்க் குளிருக்கு ஓப்பன் செல்லைத் தனியே கூரைப் பலகையில் அடிக்க ஒருவர் வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள். வீட்டு ஈரம் நுரைக்குள் ஏறி, குளிர்ந்த பலகையில் தண்ணீராகும்.

குளோஸ்ட் செல்லை ஒரே வீச்சில் தடிப்பாக அடிக்கக் கூடாது. ஒரு பூச்சுக்கு இரண்டு அங்குலம், அது ஆறிய பிறகே அடுத்த பூச்சு. பொங்கும்போது அது வெப்பத்தை வெளிவிடுகிறது. நான்கு அங்குலத்தை ஒரேயடியாக அடித்தால் உள்ளே கருகும், தீப்பிடிக்கவும் கூடும். பின்னேரம் ஐந்து மணிக்குள் வேலையை முடித்துவிட்டு ஓடுகிறவர்கள் செய்வது இதைத்தான்.

பிள்ளைகள் விடயம்: அடிக்கும் நேரத்திலும் அதன் பின் 24 மணி நேரமும் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. நாங்கள் வெளிக்காற்றைக் குழாயில் இழுக்கும் முகமூடி போட்டுத்தான் வேலை செய்கிறோம். ஐசோசயனேட் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சிழுப்பு வரும். இந்தத் தொழிலை விட்டுவிட்டுப் போனவர்கள் பலர் அதனால்தான் போனார்கள். சரியாக இறுகிய நுரை அப்படிப்பட்டதல்ல.

கம்பளிக்காரன் (மிசிசாகா)

ஃபோமே வேண்டாம். கூரை ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. பலகை உக்கினால் கண்ணுக்குத் தெரியாது. மாற்ற வேண்டுமென்றால் பலகையோடு பிய்த்தெடுக்க வேண்டும். கல்கம்பளி (பாறையை உருக்கி இழைத்த காப்பு) நெருப்பில் எரியாது, நாளைக்கே கையால் அள்ளி எடுக்கலாம். வேறென்ன வேண்டும்?

காற்றளவை (மார்க்கம்)

நான் எனர்கைட் (வீட்டின் ஆற்றல் செலவை அளக்கும் கனடிய அரசு முறை) மதிப்பீடு செய்கிறேன். வாசற்கதவில் விசிறி பொருத்தி, வீட்டை 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து, எங்கெல்லாம் காற்று கசிகிறது என்று பார்ப்பது என் வேலை. பின்வளவு தம்பி, உங்கள் கேள்வி "எந்த நுரை" என்பதில் தொடங்குகிறது. கூரை ஓரத்தில் பனிக்கட்டி ஏன் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரையைச் சூடாக்குகிறது. கூரைப் பனி அடியில் உருகி வழிகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் ஓரம் குளிராக இருப்பதால் அங்கே வந்து மறுபடி உறைகிறது. அந்த அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைமேல் வேய்ந்த சிங்கிள் தகடுகளுக்கு அடியால் உள்ளே வருகிறது. ஆக, கசிவை நிறுத்துவதும் தளத்தில் போதிய வெப்பக்காப்பு போடுவதும்தான் மருந்து.

அந்தச் சூடு எங்கே கசிகிறது? இழையினூடாகப் போகும் வெப்பம் ஒரு பங்கு. அதைவிட மோசமானது ஓட்டைகளால் போகும் காற்று: அட்டிக் மூடி, பொட் லைட்டுகள் (உட்கூரையில் புதைத்த விளக்குகள்), கழிவுக் குழாய் ஏறும் இடம், உட்சுவர்களின் உச்சிக்கட்டை, குளியலறை விசிறி. கண்ணாடி இழை காற்றை நிறுத்தாது, வடிகட்டும். இழையைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டைக்கு மேலே இருக்கும் இழை கறுத்துப்போயிருக்கும்.

இவ்வளவு ஓட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டு மேலே செல்லுலோஸ் ஊதினால் பாதி வேலைதான். முதல் ஒப்பந்தகாரரிடம் அதைக் கேளுங்கள்: "ஊதும் முன் எதையெதை அடைக்கப்போகிறீர்கள்?" பதில் வராவிட்டால் அவரும் வேண்டாம்.

இரண்டாமவர் சொல்வதில் வேறு பிரச்சினை. சொஃபிட்டை மூடிக் கூரைப் பலகையில் அடித்தால் அட்டிக் வீட்டின் சூடான பகுதியாகிவிடுகிறது. யாரும் வசிக்காத, பெட்டி அடுக்கவும் லாயக்கில்லாத ஓர் இடத்துக்கு ஆயுள் முழுவதும் சூடு போடுவீர்கள். தளத்தின் பரப்பைவிடச் சாய்ந்த கூரையின் பரப்பு கூட, முக்கோணச் சுவர்களும் சேரும். அதோடு ஒன்ராறியோவில் புதிய வீட்டு அட்டிக் தளத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது ஆர்-60. உங்கள் ஒப்பந்தகாரர் கூரைப் பலகையில் அவ்வளவு தருகிறாரா? அதற்குப் பத்து அங்குல நுரை வேண்டும். அநேகமாக ஐந்து அங்குலம் எழுதியிருப்பார். விலைச்சீட்டைப் பாருங்கள்.

பின்வளவு (ஸ்காபரோ)

அக்கா, பார்த்தேன். ஐந்து அங்குலம்தான். "ஃபோமுக்கு ஆர் மதிப்பு அவ்வளவு தேவையில்லை, காற்று புகாது அல்லவா" என்று விளக்கம் சொன்னார்.

காற்றளவை (மார்க்கம்)

அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்த வசனம் இவ்வளவு நன்றாக விற்கிறது. காற்று புகாத ஆர்-30, காற்று புகுகிற ஆர்-30ஐ விட நன்றாக வேலை செய்யும். ஆனால் தளத்து ஓட்டைகளை அடைத்துவிட்டு ஆர்-60 போட்ட அட்டிக்கோடு அதை ஒப்பிட வேண்டும். அவர் ஒப்பிடுவது ஓட்டை அட்டிக்கோடு.

பேயோ கரை (ஹூஸ்டன்)

டொராண்டோ நண்பர்கள் கூரைப் பலகையில் நுரை அடிப்பதையே முட்டாள்தனம் போலப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் அதுதான் அறிவான வேலை. இங்கே வீடுகளுக்கு நிலவறை கிடையாது. குளிர்சாதன இயந்திரமும் அதன் குழாய்களும் அட்டிக்கில்தான் கிடக்கின்றன. ஆகஸ்டில் அட்டிக் 50 பாகையைத் தாண்டும். 13 பாகையில் புறப்படும் காற்று அந்த அடுப்பைக் கடந்துதான் அறைக்கு வர வேண்டும். குழாயில் ஒரு பொத்தல் இருந்தால், குளிர்காற்று அட்டிக்குக்கும் மின்கட்டணம் எனக்கும் வரும்.

எங்கள் வீட்டில் கூரைப் பலகையில் ஐந்தரை அங்குலம் ஓப்பன் செல் அடித்து, துவாரங்களை மூடினோம். இப்போது அட்டிக், வீட்டைவிட ஓரிரு பாகைதான் கூடுதல். வேலை செய்தவர் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். அட்டிக்கில் இருந்த எரிவாயு உலை அந்த இடத்துக் காற்றையே எடுத்து எரிகிற பழைய வகை. மூடிய அட்டிக்கில் அதை வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, வெளிக்காற்றைக் குழாயில் எடுக்கும் வகைக்கு மாற்றச் சொன்னார். இன்னொன்று, ஈரம் அட்டிக்கின் உச்சியில்தான் சேரும், அதனால் அங்கே ஈரமானி வைத்துப் பாருங்கள் என்றார். கோடையில் ஈரம் ஏறியது. ஈரமகற்றும் கருவி ஒன்று வைத்த பிறகு சரியானது.

காற்றளவை (மார்க்கம்)

ஹூஸ்டன் நண்பர் சொல்வது அவருடைய வீட்டுக்கு முழுக்கச் சரி. வேறுபாடு அவர் சொன்ன முதல் வரியிலேயே இருக்கிறது: இயந்திரமும் குழாயும் எங்கே இருக்கின்றன? அவை அட்டிக்கில் இருந்தால் காப்பு எல்லையைக் கூரைக்கு உயர்த்த ஒரு காரணம் உண்டு. ஸ்காபரோ வீட்டில் உலை நிலவறையில், குழாய்கள் உட்சுவர்களில். அட்டிக்கில் காப்பாற்றுவதற்கு எதுவுமே இல்லை. அங்கே குளிர் இருக்கட்டும். குளிர்ந்த அட்டிக், குளிர்ந்த கூரை, உருகாத பனி. அதுதான் நமக்கு வேண்டும்.

ஹரோ தெற்கு (லண்டன்)

நீங்கள் எல்லோரும் வெப்பத்தைப் பேசுகிறீர்கள். நான் கடன் பற்றிச் சொல்கிறேன்.

என் மாமா வீட்டின் மேல்மாடத்தில், ஓட்டுக்கு அடியில், வீடு வீடாக வந்த ஒரு நிறுவனம் நுரை அடித்துவிட்டுப் போனது. வீட்டின் மதிப்பை வைத்துக் கடன் எடுக்கப் போனபோது மதிப்பீட்டாளர் மாடத்தைத் திறந்து பார்த்தார். கடன் மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் இது தனிக் கதையல்ல. நுரை மரச்சட்டங்களை மறைத்துவிடுகிறது, மரம் உக்கியிருக்கிறதா என்று பார்க்க முடியாது, அதனால் பல கடன் நிறுவனங்கள் ஒதுங்கிவிடுகின்றன. விற்கப் போனாலும் வாங்குபவரின் வங்கி இதையே கேட்கும். மாமா கடைசியில் அதைச் சுரண்டி எடுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. எடுப்பதற்கு அடித்ததைவிடக் கூடுதல் காசு.

இதற்குப் பிறகு இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. தொலைபேசியில் அழைத்து, "உங்கள் நுரை ஆபத்தானது, நாங்கள் அகற்றித் தருகிறோம்" என்பார்கள். அடித்தவனும் காசு வாங்கினான், சுரண்டுகிறவனும் வாங்குகிறான். இங்கே மாடத்தில் 270 மில்லிமீட்டர் கம்பளி விரித்தால் போதும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. கனடாவில் நிலைமை எப்படி?

இரண்டு பீப்பாய் (பிராம்ப்டன்)

இங்கே வங்கிகள் ஸ்பிரே ஃபோமைக் கண்டு அப்படி ஓடுவதில்லை. ஆனால் குழப்பம் ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் வீடு விற்கும் ஒப்பந்தத்தில் நுரை பற்றி ஒரு பிரிவு இருக்கும். அது யூரியா ஃபார்மால்டிஹைடு நுரை. 1970களில் சுவர்களுக்குள் ஏற்றினார்கள், 1980 டிசம்பரில் கனடா அதைத் தடை செய்தது. நாங்கள் இன்று அடிப்பது பாலியூரிதேன். இரண்டும் ஒன்றல்ல.

கனடாவில் குளோஸ்ட் செல்லுக்கு எஸ்705.1 என்பது பொருளுக்கான தரம், எஸ்705.2 என்பது அடிக்கும் முறைக்கான தரம். ஓப்பன் செல்லுக்கு எஸ்712. அடிப்பவருக்குத் தனிச் சான்றிதழும் படம் போட்ட அட்டையும் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு இருந்தால் போதாது, துப்பாக்கியைப் பிடிக்கிறவருக்கு இருக்க வேண்டும். அன்றன்றைக்கு வெப்பநிலை, அடர்த்தி, ஒட்டும் தன்மை எல்லாவற்றையும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீடு விற்கும்போது அந்தத் தாள்தான் பேசும். "அட்டை வீட்டில் இருக்கிறது" என்று சொல்கிறவரை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: 2021 ஜனவரியிலிருந்து கனடாவில், புவியைச் சூடாக்கும் திறன் (கரியமில வாயுவுக்கு 1 என்றால்) 150க்கு மேற்பட்ட எச்எஃப்சி என்ற பொங்கவைக்கும் வாயு கொண்ட நுரைக்குத் தடை. இப்போது வருவது அந்தத் திறன் மிகக் குறைந்த எச்எஃப்ஓ வாயு கொண்டது. பழைய சரக்கை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரணம் புரியும்.

கம்பளிக்காரன் (மிசிசாகா)

ஆக எல்லோரும் என் பக்கம்.

இரண்டு பீப்பாய் (பிராம்ப்டன்)

இல்லை. பேக்ஸ்பிளிட் வீடு என்று தம்பி முதல் வரியிலேயே சொன்னார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பேக்ஸ்பிளிட்டில் இரண்டு அட்டிக் உண்டு, வேறு வேறு உயரத்தில். கீழ் அட்டிக்குக்குள் நுழைந்தால், மேல்தள அறையின் சுவர் ஒன்று அங்கே நிர்வாணமாக நிற்கும். அறைக்குள் பார்த்தால் சாதாரண உட்சுவர். அட்டிக் பக்கமிருந்து பார்த்தால் அது வெளிச்சுவர். அந்தக் காலத்தில் அதில் மெல்லிய இழையைச் செருகி, மேலே ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். இப்போது அது கழன்று தொங்கும். செங்குத்தான சுவரில் செல்லுலோஸ் ஊத முடியாது, கம்பளி நாளாக நாளாகச் சரியும், அடியில் தளச்சட்டங்களுக்கு இடையே காற்று நேராக வீட்டுக்குள் ஓடும். அங்கேதான் ஃபோம் தன் காசுக்கு வேலை செய்யும். அந்த ஒரு சுவரும் அதன் அடிச்சட்டங்களும் மட்டும் குளோஸ்ட் செல். அதே போல கராஜுக்கு மேலே இருக்கும் அறையின் தளம், சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். மற்ற இடமெல்லாம் கம்பளிக்காரர் சொல்வதையே போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

தம்பி, உங்கள் ஈரம் இறங்கிய அறை அந்தச் சுவரை ஒட்டியதா?

பின்வளவு (ஸ்காபரோ)

அண்ணா, அதே அறைதான். இன்று கீழ் அட்டிக்குக்குள் விளக்கோடு ஏறிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன தாள் கழன்று கிடக்கிறது. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்குப் போகாமல் இழையின் மேலேயே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு காலமும் குளியலறை ஆவி முழுவதும் அங்கேதான் போயிருக்கிறது. பலகையில் ஆணி முனைகள் துருப்பிடித்திருக்கின்றன.

மேல் அட்டிக்கின் ஒரு மூலையில், இழைக்கு அடியில், சாம்பலும் பொன்னிறமுமாகச் சின்னக் கூழாங்கல் போல ஏதோ கொட்டிக் கிடக்கிறது. அது என்ன?

காற்றளவை (மார்க்கம்)

தம்பி, இனி மேலே ஏறாதீர்கள். தொடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வாக்யூம் போடவே வேண்டாம். அட்டிக் மூடியை மூடி ஓரங்களை ஒட்டிவிடுங்கள்.

அது முன்பு காப்பாகக் கொட்டிய வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். வட அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. ஸோனோலைட் என்ற பெயரில் விற்றார்கள். அந்தச் சுரங்கத்தில் அஸ்பெஸ்டாஸும் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) கலந்திருந்தது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது, ஆனால் அட்டிக்குகளில் கொட்டியது அப்படியே இருக்கிறது. தொடாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. கிளறினால் நார் காற்றில் பறக்கும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதையும் தெரிந்தவர்களைக் கொண்டே செய்யுங்கள். அஸ்பெஸ்டாஸ் என்று வந்தால் அதற்கான உரிமம் பெற்றவர்கள் அகற்றிய பிறகுதான் வேறு எந்த வேலையும். உங்கள் இரண்டு ஒப்பந்தகாரர்களும் மேலே ஏறிப் பார்த்தார்களா, அல்லது வாசலில் நின்றே விலை சொன்னார்களா?

பின்வளவு (ஸ்காபரோ)

முதலாமவர் தலையை நீட்டிப் பார்த்தார். இரண்டாமவர் கூரையைக் கீழிருந்து பார்த்துவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டார்.

கம்பளிக்காரன் (மிசிசாகா)

அவர்தான் பழைய இழை முழுவதையும் வாக்யூமில் இழுத்தெடுப்பதாகச் சொன்னவர்!

பேயோ கரை (ஹூஸ்டன்)

இது தெரியாமல் இழுத்திருந்தால் வீடு முழுவதும் பரவியிருக்கும். டெக்ஸாஸோ டொராண்டோவோ, ஏணியில் ஏறாமல் விலை சொல்கிறவருக்கு ஒரு காசும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பின்வளவு (ஸ்காபரோ)

சோதனைக்கு ஆள் வந்து மாதிரி எடுத்துச் சென்றிருக்கிறார். முடிவு எதுவானாலும், வரிசை இப்படித்தான் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம்: அந்தக் கல்லின் விடயம் முடியட்டும், பிறகு விசிறிக் குழாய், ஓட்டைகள், அதன் பிறகு பேக்ஸ்பிளிட் சுவருக்கு மட்டும் ஃபோம், கடைசியில் செல்லுலோஸ். மூன்று கேள்விகள். அரசு உதவிப் பணம் ஏதும் இருக்கிறதா? பொட் லைட்டுகளை என்ன செய்வது? செல்லுலோஸ் ஊதும்போது சொஃபிட் அடைபட்டுவிடாதா?

காற்றளவை (மார்க்கம்)

மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024இல் புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் வீட்டுப் புதுப்பித்தல் சேமிப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அட்டிக் காப்பும் அதில் அடங்கும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், வேலையைத் தொடங்கும் முன்னரே நிபந்தனைகளைப் படியுங்கள். வேலை முடித்துவிட்டு மதிப்பீட்டுக்கு அழைப்பவர்கள்தான் அதிகம். அப்போது நான் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை.

பொட் லைட்டில் ஐசி என்ற குறி இருந்தால் காப்பு அதன் மேல் படலாம். இல்லாவிட்டால் படக் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும். பழையதென்றால் விளக்கையே மாற்றிவிடுங்கள், பெட்டி செய்து மூடுவதைவிட அது சுலபம்.

சொஃபிட்டுக்கு ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் பாஃபிள் (காற்றுக்கு வழிவிட்டுக் காப்பைத் தடுக்கும் தகடு) வைக்க வேண்டும். காப்புப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு காற்றுத் துவாரம் வேண்டும் என்பது சட்டக் கணக்கு. 1,200 சதுர அடிக்கு நான்கு சதுர அடி. அதை மேலும் கீழுமாகப் பிரிக்க வேண்டும். எல்லாத் துவாரங்களையும் உச்சியில் வைத்தால், அது வீட்டுச் சூட்டைத்தான் உறிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டைகளை அடைத்த பிறகு வீட்டுக்குள் ஈரம் கூடும். நம் குசினிகளில் சோறு, புட்டு, இடியப்பம் என்று நாள் முழுவதும் ஆவி. முன்பு அது அட்டிக்கால் ஓடியது, இனி ஓடாது. அடுப்பு விசிறி வெளியே ஊதுகிறதா, அல்லது வடிகட்டி மறுபடி முகத்திலேயே விடுகிறதா என்று பாருங்கள். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே ஈரப்பதம் 30 சதவீதம் போதும். யன்னல் வியர்த்தால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு பீப்பாய் (பிராம்ப்டன்)

அந்தச் சுவருக்கு விலை கேட்கும்போது இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை அங்குலம், எத்தனை பூச்சு, பழைய இழையையும் தாளையும் அகற்றும் செலவு உள்ளடக்கமா, அடிக்கும்போதும் பிறகும் காற்றை வெளியேற்றும் விசிறி யார் கொண்டுவருவது. சின்ன வேலை என்பதால் பலர் வரமாட்டார்கள். லாரியைச் சூடாக்கவே பாதி நாள் போகிறது, அதனால் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்கும். பக்கத்து வீடும் பேக்ஸ்பிளிட்தானே? அவர்களையும் கேட்டுப் பாருங்கள், ஒரே நாளில் இரண்டு சுவர் என்றால் விலை இறங்கும்.

வெப்பமான நாளாகப் பாருங்கள். மார்கழியில் பலகை உறைந்திருக்கும்போது அடித்தால் ஒட்டாது. மே மாதத்துக்குப் பிறகு அழையுங்கள்.

பின்வளவு (ஸ்காபரோ)

பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். அவர் அட்டிக்கிலும் முதலில் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.